என் அப்பாவின் மற்றப் பிள்ளை

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். இப்படியான மலர்களில் இறந்தவரின் குணங்களை வரிசையாக எழுதுவது வழக்கம். அப்பாவிடமும் நல்ல குணங்கள் இருந்தன, அவற்றை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை என்னிடம் ஒப்படைக்கும்போது அம்மா, "உள்ளதை எழுது பிள்ளை. ஆனா குதிரையைப் பற்றிக் கனக்க எழுதாதை, சனம் சிரிக்கும்," என்றார். அம்மா கேட்ட இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. அப்பாவைப் பற்றி உள்ளதை எழுதினால் அதில் முக்கால்வாசி குதிரைதான்.

மரண அறிவித்தலில் என்னை அப்பாவின் ஒரே பிள்ளை என்று போட்டிருந்தோம். பதிவின்படி அது சரி. ஆனால் எனக்கு ஒரு சகோதரம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவனுக்கு நாலு கால், ஆறடி உயரம், ஒரு தொன் நிறை. பெயர் ராசா. நாற்பது வயதைத் தாண்டியவள், கவுன்சிலில் பொறுப்பான வேலை பார்க்கிறவள், ஒரு குதிரைமேல் இத்தனை வருடம் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்த மலரில் அப்பா இருக்கமாட்டார்.

அப்பா நெடுந்தீவில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். தகப்பனார் மாடும் ஆடும் வைத்திருந்தார். அந்தத் தீவை அறிந்தவர்களுக்கு அங்குள்ள குதிரைகளையும் தெரிந்திருக்கும். பறங்கியர், ஒல்லாந்தர், பிறகு வெள்ளைக்காரர் என்று ஆண்டவர்கள் எல்லோரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், லாயத்தின் தூண்கள் நிற்கின்றன, குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்ந்து திரிகின்றன. அப்பா படிப்பில் சுமார். பள்ளிக்கூடம் விட்டதும் குதிரை பிடிக்கப் போய்விடுவாராம். கையில் கயிறுகூட இருக்காது. கையை நீட்டிக்கொண்டு கிட்டப் போனால் குதிரை ஓடும். முதுகைக் காட்டிக்கொண்டு, அதைக் கவனியாதவர்போல நின்றால், தானாக வந்து தோளில் மூச்சு விடும். ஊரிலிருந்து அப்பா லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்த சொத்து இந்த வித்தை ஒன்றுதான்.

கலியாணமாகி ஒரு வருடம் ஆவதற்குள் நாட்டு நிலைமை மோசமாகி, அப்பா தனியாக இங்கே வந்தார். அம்மா அப்போது என்னைச் சுமந்துகொண்டிருந்தார். நான் பிறந்தது இடம்பெயர்ந்து ஒதுங்கியிருந்த யாரோ ஒருவருடைய வீட்டில். மணிக்கூடு பார்க்க அங்கே ஒருவருக்கும் நிதானம் இருக்கவில்லை. "விடியப்புறம், சேவல் கூவின பிறகு" என்பதுதான் என் பிறந்த நேரம். அந்தக் கணக்கில் என் நட்சத்திரம் அவிட்டமாகவும் இருக்கலாம், சதயமாகவும் இருக்கலாம். அம்மா சதயம் என்று முடிவுசெய்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

அப்பா குதிரையிடம் போய்ச் சேர்ந்ததே ஒரு வழிதவறிய கதை. குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்கான நேர்முகம் முடிந்து வெளியே வந்தவர், பதற்றத்தில் பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்று, இனி இறங்கு என்று சாரதி சொன்னபோது சுற்றிவர வயல். இறங்கி நடந்தவருக்கு எதிரே, ரோட்டின் நடுவில், லொறி அளவில் ஒரு கறுத்தப் பெட்டைக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நின்றது. அதற்குப் பின்னால் கயிறும் கையுமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவருடைய மகளும் ஓடிவந்தார்கள். அப்பா குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நின்றார். அது வந்து அவருடைய கோட்டுக் கொலரை மோந்தது. வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் முதலில் பெற்றோல் நிலையத்துக்குப் போன அப்பா, மூன்று மாதத்தில் அதை விட்டுவிட்டு அந்தக் கிழவரின் பண்ணைக்குப் போனார். பிறகு சாகும் வரைக்கும் வேறு வேலை பார்க்கவில்லை.

அந்த மகள்தான் ஜூடித். தகப்பனாருக்குப் பிறகு பண்ணையை நடத்தியவர். அவர்கள் வைத்திருந்தது ஷயர் என்கிற இனம். உழவுக்கும் பாரவண்டிக்குமென்று வளர்த்த பெரிய குதிரைகள், காலில் வெள்ளை மயிர் குஞ்சம்போலத் தொங்கும். ஊரில் பொலிகாளை என்று சொல்வோமே, அதுபோல இவை பொலிகுதிரைகள். வசந்தம் தொடங்கினால் நாலா பக்கமிருந்தும் பெட்டைக் குதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பொலிகுதிரையைக் கையில் பிடிப்பது அப்பா. நடுவில் மெத்தை அடித்த பலகைத் தடுப்பு ஒன்று இருக்கும். இந்தப் பக்கம் பொலிகுதிரையோடு இவர், அந்தப் பக்கம் பெட்டை. பெட்டைக்குச் சம்மதமா என்று காதையும் வாலையும் பார்த்து அறியவேண்டும். சம்மதமில்லையென்றால் அப்பா மறுபேச்சில்லாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். எங்கள் பெண்பார்க்கும் படலத்தைவிட இது நாகரிகம் என்று நான் பிறகு நினைத்ததுண்டு. பிள்ளைகளும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் இதற்குமேல் விபரம் தவிர்க்கிறேன்.

ஜூடித்தின் பாட்டனார் இதே தொழிலை அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியாவில் செய்தவர். வெள்ளைக்காரர் புதிதாகக் காடு வெட்டிக் கோதுமை விதைத்த ஒரு மாவட்டத்தில், இங்கிருந்து கப்பலேற்றிய ஒரு பொலிகுதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு பண்ணை பண்ணையாக நடந்தாராம். எந்தக் கிழமை எந்தப் பண்ணை என்று ஒரு அட்டை அச்சடித்துக் கொடுப்பார்களாம். அந்த அட்டை கண்ணாடிச் சட்டத்தில் லாயத்துச் சுவரில் தொங்கியது. வெள்ளைக்காரன் தன் தீவுக்கும் குதிரை கொண்டுவந்தவன் என்பதால் அப்பாவுக்கு இதில் என்னவோ ஒரு உரிமை. சாப்பாட்டு மேசையில் அதை எங்கள் குடும்பக் கதைபோலச் சொல்லுவார். என் பூட்டனாரின் பெயர் எனக்குத் தெரியாது. ஜூடித்தின் பாட்டனார் திங்கள் எங்கே தங்கினார், வியாழன் எந்த ஆற்றைக் கடந்தார் என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்லுவேன். இது எந்த ஊர் நியாயம் என்று அம்மா கேட்பார். அப்பாவின் பெரியண்ணரும் போனில் பகிடி பண்ணுவார்: "அவன் எங்கட தீவில வந்து குதிரை வளர்த்தான். நீ அவன்ர ஊரில போய் அவன்ர குதிரையை வளர்க்கிறாய். கணக்குத் தீர்ந்துது." அப்பா சிரிப்பார், விடியப் போய்விடுவார்.

என்னையும் அம்மாவையும் அப்பா கூப்பிட்டு எடுத்தபோது எனக்கு ஏழு வயது. அதுவரை அவர் எனக்கு ஒரு படமும் குரலும்தான். ஹீத்ரோவில் எல்லாத் தகப்பன்மாரும் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்கினார்கள். என் அப்பா ஒரு தூணுக்குப் பக்கத்தில், பாதி முதுகு தெரிய, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். நானாக வருவேன் என்று காத்திருந்திருக்கிறார். எனக்கு அது எப்படித் தெரியும்? நான் குதிரையில்லையே. இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அம்மாவின் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன். அன்றிலிருந்து கனகாலம் நாங்கள் இரண்டுபேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இரண்டு அறை வீடு. அம்மா துப்புரவு வேலைக்கு ஷிப்டில் போனார். அப்பாவுக்கு வாரத்தில் ஏழு நாளும் பண்ணை. அவர் வீட்டில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் குதிரைக் கொம்பு. வந்தாலும் உடுப்பிலிருந்து வைக்கோல் மணமும் வேப்பெண்ணெய் மணமும் முதலில் வரும், பிறகுதான் அப்பா வருவார். வேப்பெண்ணெய் அவருடைய கண்டுபிடிப்பு. அந்தக் குதிரைகளின் கால்மயிருக்குள் ஒரு பூச்சி பிடித்துச் சொறியும். மிருக வைத்தியர் மருந்துக்கு மேல் மருந்து எழுதிப் பார்த்தார். அப்பா எங்கள் தெருமுனைக் கடையில் வேப்பெண்ணெய் வாங்கிக் காய்ச்சிப் பூசினார், சொறி நின்றது. ஜூடித் அதைப் பத்துப் பேருக்குச் சொன்னார். அந்த எண்ணெயை என் தலையில் பேன் இருந்தபோது பூசலாம் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை.

கோவிலிலும் கலியாண வீடுகளிலும் "அவர் என்ன வேலை?" என்று கேட்டால் அம்மா, "ட்ரான்ஸ்போர்ட்," என்பார். கேட்டவர்கள் பஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆர்ச்வே முருகன் கோவிலில் ஒருவர் தன் மகனுக்குச் சாரதி வேலை எடுத்துத் தரச்சொல்லி அப்பாவைத் துரத்தியதுகூட உண்டு. அப்பா அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. "பெடியனுக்கு விடிய எழும்ப ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு நாளை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கிற நாள். அம்மா ஷிப்டுக்குப் போய்விட்டார். தலைப்பின்ன ஆளில்லாமல் நான் அழுதேன். அப்பா அரை நிமிடம் யோசித்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினார். கண்காட்சிக்குப் போகும் குதிரைக்கு உச்சியில் மஞ்சளும் சிவப்புமாக நூல் சேர்த்து ஒற்றைப் பின்னலாகப் பின்னுவார்கள். அவருக்குத் தெரிந்த பின்னல் அதுதான். அதையே எனக்குப் பின்னினார். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது. நான் அதை அவிழ்க்கவில்லை. அடுத்தநாளும் அதோடுதான் போனேன். அம்மா பார்த்து, "இதென்ன கோலம்?" என்று அவிழ்த்துவிட்டார். அப்பா மறுபடி ஒருநாளும் என் தலையைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான் பல்கலைக்கழகம் முடித்த வருடம் ராசா பிறந்தான். தாய்க்குதிரை கஷ்டப்பட்டதாம், வைத்தியர் வந்துசேரப் பிந்திவிட்டது, அப்பா தனியாளாகக் குட்டியை இழுத்து எடுத்தார். ஜூடித் அதற்குப் பதிவுப் புத்தகத்தில் நீளமான ஆங்கிலப் பெயர் எழுதினார். அப்பா வைத்த பெயர் ராசா. எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடும் சொல் அது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அதிகம் போனால் "பிள்ளை". ராசாத்தி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து, "ராசா எழும்பி நிண்டிட்டான்," என்று அம்மாவிடம் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்ததை நான் என் பட்டமளிப்பில் தேடினேன். பட்டமளிப்புக்கு வந்தார், நல்ல உடுப்புப் போட்டிருந்தார், கைதட்டினார். அந்த முகம் மட்டும் வரவில்லை.

எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோது பெரிய தடை என் சாதகம். அவிட்டமா சதயமா என்ற சந்தேகம் கேட்டுப் பல இடங்கள் விலகின. இந்த நிலையில் அம்மா ஒருநாள் அப்பாவின் பஞ்சாங்கத்துக்குள் ஒரு துண்டைக் கண்டெடுத்தார். அப்பாவின் எழுத்து. "ஆண். அசுவினி, மேஷ ராசி, மீன லக்கினம். தாய்வழி, தகப்பன்வழி இரண்டும் சுத்தம். உயரம் ஆறடி. சாந்தமான குணம்." மனுசன் வாய்திறவாமல் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் துண்டைச் சாத்திரியாரிடம் கொண்டுபோனார்.

சாத்திரியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "கணப் பொருத்தம் மட்டும் இல்லை அம்மா. பெடியன் தேவ கணம், உங்கட பிள்ளை ராட்சத கணம். ஆனா ரெண்டுபேருக்கும் குதிரை யோனி, இப்பிடி யோனிப் பொருத்தம் லேசில அமையாது. ரச்சும் தட்டேல்லை. விடாதேங்கோ," என்றிருக்கிறார். அம்மா தேசிக்காயும் பூவுமாக வீட்டுக்கு வந்து, என்னையும் அப்பாவையும் இருத்தி, "இஞ்சாருங்கோ, பெடியன் எந்தப் பகுதி?" என்று கேட்டார்.

அப்பா துண்டை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, "இது ராசா," என்றார்.

அம்மாவுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அதற்கு முன்பே பிரான்ஸிலிருக்கும் சித்திக்குப் போனில் சொல்லியும் முடித்திருந்தார். இன்றைக்கும் சில வீடுகளில் இந்தக் கதை ஓடுவது எனக்குத் தெரியும், சிரியுங்கள், குறையில்லை. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. "குதிரைக்கு என்னத்துக்கு அப்பா சாதகம்?" என்று கேட்டேன். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பிறந்த நேரம் சரியாத் தெரிஞ்ச பிள்ளை எனக்கு ஒண்டாவது இருக்கட்டுமெண்டுதான்," என்றார். நான் எழும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த வசனத்தை நெஞ்சில் வைத்துப் பல வருடம் கறுவினேன். நான் பிறந்தபோது பக்கத்தில் இல்லாத துக்கத்தைத்தான் அவர் சொன்னார் என்று இப்போது யாரும் சொல்லலாம். அன்று எனக்குக் கேட்டது வேறு: நீ நேரம் தெரியாத பிள்ளை, அவன் நேரம் தெரிந்த பிள்ளை.

கடைசியில் சாதகம் பார்க்காத ஒரு நல்ல மனிதர் என்னைக் கேட்டு வந்தார். வைகாசியில் நல்ல முகூர்த்தம் இருந்தது, மண்டபமும் இருந்தது. அப்பா, "வைகாசியில ஏலாது," என்றார். சித்திரை தொடங்கி ஆனி முடியும்வரை பெட்டைக் குதிரைகள் வருகிற காலம். ராசாவை வேறு யாரிடமும் கொடுக்கமுடியாது, அவன் மற்றவர்களுக்குப் படியமாட்டான். ஆடியில் எங்களுக்குக் கலியாணம் இல்லை. "ஒரு குதிரைக்காக என்ர பிள்ளை காத்திருக்கிறதோ?" என்று அம்மா அழுதார். காத்திருந்தேன். ஆவணியில் கலியாணம் நடந்தது. மணவறையில் அப்பா என் கையைப் பிடித்துக் கொடுத்தபோது அந்தக் கை நன்றாகக் கழுவியிருந்தது, அப்படியும் வேப்பெண்ணெய் மணத்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏதோ விசேட சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் பண்ணைக்கு மொத்தம் மூன்று தடவைதான் போயிருக்கிறேன். மூன்றாம் தடவை ராசா என் பக்கம் தலையை நீட்டினான். தட்டு அளவு கண், நல்ல பழுப்பு. அழகன்தான், இல்லையென்று சொல்ல ஏலாது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு காருக்கு நடந்தேன். பின்னால் அவன் தடுப்புவரை வந்து மூச்சு விட்டது கேட்டது. அப்பா அதைப் பார்த்துப் பெரிதாகச் சந்தோஷப்பட்டார், எனக்கும் அந்த வித்தை தெரியும் என்று நினைத்துவிட்டார்.

போன வருடம் அப்பாவின் வருத்தம் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது ஈரல்வரை போய்விட்டது. அப்படியும் வசந்தம் முடியும்வரை வேலைக்குப் போனார். நடக்கமுடியாமல் போன பிறகுதான் வேலையிலிருந்து நின்றார். கடைசி மூன்று கிழமை ஹொஸ்பிஸ் என்கிற கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வலியைச் சொல்லமாட்டார், தாதிமார் அவரைப் பெருமையாகப் பேசுவார்கள். ஒருநாள் அங்கிருந்த மூத்த தாதி என்னை வெளியே கூப்பிட்டு, அப்பாவுக்கு வெளியே போய்வர இன்னும் ஒரு நாளுக்குத்தான் உடம்பு தாங்கும், எங்கே போகவேண்டும் என்று அவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள் என்றார்.

நான் கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை. "பண்ணைக்கு ஒருக்காப் போட்டு வருவம், பிள்ளை," என்றார்.

இங்கே நான் எழுதப்போவதை அம்மாவுக்கும் இன்றுவரை சொல்லவில்லை. என் வீட்டில் கீழ் அறையை ஒரு கிழமையாக அவருக்காக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். இந்த வீடு வாங்கி ஆறு வருடம், அப்பா அதில் ஒரு முழுநாள் இருந்ததில்லை. மிஞ்சியிருப்பது ஒரு நாள், அதையும் அவன் கொண்டுபோகிறான் என்று வயிறு எரிந்தது. வாய் தானாகச் சொன்னது: "அங்கை போகேலாதாம் அப்பா. குதிரையளுக்கு ஏதோ தொத்து வருத்தமாம். வெளியாக்களை உள்ளை விடேல்லையாம். ஜூடித் மெசேஜ் போட்டிருக்கிறா."

அப்பா என்னைப் பார்த்தார். "என்ன வருத்தம்? இருமலோ, தொண்டை வீக்கமோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "தொண்டை," என்றேன்.

"தொண்டையெண்டால் கனநாளைக்கு ஒருதரும் போகேலாதுதான்," என்றார். ராசாவுக்கும் வந்ததா என்று அவர் கேட்கவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "சரி, அப்ப உன்ர வீட்டை போவம்."

அடுத்தநாள் அப்பா என் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு மிடறு தேத்தண்ணி குடித்தார். நான் தலையணையைச் சரிசெய்வதும் போர்வை எடுப்பதுமாக ஓடித்திரிந்தேன். "அங்கை இஞ்சை ஓடாமல் இதில இரு," என்றார். இருந்தேன். "நீ வேலையில என்ன செய்யிறனி?" என்று கேட்டார். பதினைந்து வருடமாக நான் பார்க்கிற வேலை, முதல் தடவையாகக் கேட்கிறார். கார் பிழையாக நிறுத்தி அபராதம் வாங்கியவர்கள் எழுதும் முறைப்பாடுகளை வாசித்துத் தீர்ப்புச் சொல்வது என்றேன். என்னென்ன எழுதுவார்கள் என்று கேட்டார். மாமியாரை இறக்கிவிடத்தான் நின்றேன், மாமி இறங்க மறுத்துவிட்டார் என்று ஒருவர் எழுதியதைச் சொன்னேன். அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். "அந்தாளுக்கு மன்னிப்புக் குடுத்தனியோ?" என்றார். கொடுத்தேன் என்றதும் தலையாட்டினார். இப்படியே பின்னேரம்வரை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் முழுவதும் அப்பா எனக்கு மட்டும் இருந்தார். எனக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம், ராசாவை வென்றுவிட்டேன் என்று.

நாலாம் நாள் அப்பா அமைதியாகப் போய்விட்டார். அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். அதற்குப் பிறகுதான் அந்தச் சந்தோஷம் கசந்தது. நாற்பது வருடம் செய்த தொழிலையும் இருபது வயது ராசாவையும் கடைசியாக ஒருமுறை பார்க்க விடாமல் மறித்தது நான். ஒரு வாயில்லாச் சீவனோடு போட்டிபோட்டுத் தகப்பனின் கடைசி ஆசையைத் தட்டிப் பறித்தவள் என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன். கொள்ளி வைத்த என் கணவரிடம்கூட இதைச் சொல்ல நா எழவில்லை.

இனி நன்றி சொல்லவேண்டியவர்கள். அப்பாவை நோகாமல் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், செய்தி கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த மிச்சம் பகுதி அயலவருக்கும், எட்டுநாளும் சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கும், பிரான்ஸிலிருந்து வந்து அம்மாவோடு தங்கிய சித்திக்கும், கிரியைகளைக் குறைவின்றி நடத்திய ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ராசாவுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார் என் கணவர். எழுதவில்லை. அந்த அளவுக்கு மனம் இன்னும் வரவில்லை.

கடைசி நன்றி ஜூடித்துக்கு. தகனத்துக்கு வந்து பின் வரிசையில் தனியாக இருந்தார். எல்லாம் முடிந்து வெளியே நின்றபோது நேராக என்னிடம் வந்தார். பண்ணையில் எந்த வருத்தமும் வரவில்லை என்று அவருக்குத் தெரியும், அவர் வாயைத் திறந்தால் என் பொய் அவிழும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உன் அப்பா உன் வீட்டுக்கு வருவதற்கு முதல்நாள் பின்னேரம் என்னை அழைத்தார். 'பண்ணையில் தொண்டை வருத்தம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவள் எப்போதாவது உங்களிடம் கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுங்கள்,' என்றார். நான் வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். 'வேண்டாம், மகள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்,' என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன்."

அதையும் அப்பா ஜூடித்திடம்தானே சொன்னார் என்ற எரிச்சல்தான் எனக்கு முதலில் வந்தது. பழகிப்போன குணம், ஒருநாளில் போகுமா? வீட்டுக்கு வந்து, அவர் இருந்த கதிரையில் இருந்தபோதுதான் மற்றது விளங்கியது. கையிலிருப்பது ஒரு நாள் என்று அப்பாவுக்குத் தெரியும். நான் சொன்னது பொய் என்றும் தெரியும். ஒரு போன் எடுத்தால் பண்ணைக்குப் போயிருக்கலாம். போனை எடுத்து, என் பொய்யைக் காப்பாற்றிவிட்டு, என்னிடம் வந்தார். அவர் என்னைத் தெரிந்தெடுத்து வந்தார் என்பது அன்று காலையில் எனக்குத் தெரிந்திருந்தால், காரைத் திருப்பி நானே அவரை ராசாவிடம் கொண்டுபோயிருப்பேன்.

மகள்